உறைபனியும் பார்ஸ்னிப் கிழங்கும்

பனி விழுந்தால் பயிர் கெடும் என்பது குடியானவர் யாவரும் அறிந்த விஷயமே. நீலகிரி போன்ற மலைப் பிரதேசங்களில் மார்கழி, தை மாதங்களில் ஓரிரவு உறைபனி விழுந்தால், முந்தின நாள் மாலை பசுமையாய் நின்ற உருளைக்கிழங்குச் செடி, மறுநாள் வெயில் ஏறியதும் வெந்நீர் ஊற்றினாற்போல் கருகித் தொங்குவதைக் கண்டோர் பலர். ஆனால் அதே உறைபனியை எதிர்பார்த்து, அது நாலைந்து முறை விழுந்த பிறகே கிழங்கைத் தோண்ட வேண்டும் என்று காத்திருக்கும் பயிர்த்தொழிலாளரும் உலகில் உண்டு. இங்கிலாந்து தேசத்தில் பார்ஸ்னிப் என்னும் கிழங்கைப் பயிரிடுவோரே அவர்கள். பனி அக்கிழங்குக்குச் செய்யும் நன்மை யாது, அதே பனி பயிரிடுவோனுக்குச் செய்யும் இடையூறு யாது, இவ்விரண்டுக்கும் நடுவே அவன் தன் வேலையை எவ்விதம் அமைத்துக்கொள்கிறான் என்பவற்றை இங்கே விவரிப்போம்.

பார்ஸ்னிப் நமக்குப் பெயரளவில் புதிதாயினும், குலத்தளவில் அந்நியமானதன்று. கொத்தமல்லி, சீரகம், பெருஞ்சீரகம், காரட் ஆகியவை சேர்ந்த குடும்பமே இதன் குடும்பம். விதை தட்டையாய், மெல்லிய ஓரத்துடன், நம் நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும் சதகுப்பையைப் போலிருக்கும். கிழங்கு நீண்ட முள்ளங்கி வடிவமுள்ளது. தந்தத்தின் வெளிர் மஞ்சள் நிறமும், தலைப்பக்கம் பருத்து வால்பக்கம் கூர்த்த உருவமும் உடையது. நல்ல மண்ணில் ஓரடிக்கு மேலும் கீழே இறங்கும். வேக வைத்தால் மாவுத்தன்மையும் இனிப்பும் கலந்து, சற்றே வாசனைத் திரவியம் சேர்த்தாற்போன்ற மணம் வீசும். முதன்முறை உண்பவருக்கு அம்மணம் பிடிப்பதில்லை. இரண்டு மூன்று முறை உண்டவர் விடுவதில்லை.

உருளைக்கிழங்கு அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஐரோப்பாவுக்கு வந்து பரவுவதற்கு முன்னால், அத்தேசத்து ஏழை மக்களுக்குக் குளிர்காலத்தில் வயிறு நிரப்பிய பதார்த்தங்களில் பார்ஸ்னிப் முக்கியமானது. கரும்புச் சர்க்கரை விலையுயர்ந்த பொருளாய் இருந்த அக்காலத்தில், பண்டங்களுக்கு இனிப்பூட்டவும் இக்கிழங்கை உபயோகித்தனர். பின்னர் உருளைக்கிழங்கு அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. எனினும் பார்ஸ்னிப் அடியோடு ஒழிந்துவிடவில்லை. கிறிஸ்துமஸ் விருந்தில் கொழுப்பில் வறுத்த பார்ஸ்னிப் இல்லாத வீடு இன்றும் அங்கே குறைவு. அது நிலைத்து நின்றதற்குக் காரணம், உருளைக்கிழங்கினால் இயலாத ஒரு காரியத்தை அது செய்வதுதான். உருளைக்கிழங்கைக் குளிருக்கு முன் தோண்டி, மூடி, காப்பாற்றி வைக்க வேண்டும். பார்ஸ்னிப்போ விளைந்த இடத்திலேயே கிடக்கும். அதற்குக் களஞ்சியமும் வேண்டுவதில்லை; காவலும் வேண்டுவதில்லை.

இதன் காரணத்தை அறியச் செடியின் ஆயுளை அறிதல் வேண்டும். பார்ஸ்னிப் ஈராண்டுப் பயிர். முதலாண்டு வசந்தத்தில் முளைத்து, கோடை முழுவதும் இலைகளைக் கொண்டு மாவுப்பொருளைத் தயாரித்து வேரில் சேர்த்து வைக்கின்றது. இலையுதிர் காலத்தில் இலைகள் மடிந்து போகின்றன. வேர் மட்டும் மண்ணுக்குள் குளிர்காலத்தைக் கழித்து, இரண்டாம் ஆண்டு வசந்தத்தில் மீண்டும் துளிர்த்து, பூத்து, விதைத்து மாளும். நாம் கிழங்கு என்று உண்பது, அச்செடி தன் சந்ததிக்காகச் சேர்த்து வைத்த மூலதனமேயாகும்.

குளிர் வரும்போது இம்மூலதனம் உருமாறுகின்றது. மாவுப்பொருள் நீரில் கரையாதது, சர்க்கரை கரைவது. சுத்த நீர் 32 டிகிரி பாரன்ஹீட்டில் உறைந்துவிடும். சர்க்கரை கரைந்த நீரோ அதற்கும் கீழே சென்றாலன்றி உறையாது. உறைந்த நீர் பனிக்கட்டியாகிப் பருத்தால் செடியின் நுண்ணறைகள் சிதைந்து கிழங்கு அழுகிப்போகும். ஆகையால் மண்ணின் குளிர் உறைநிலையை நெருங்கியதும், கிழங்கினுள் உள்ள நொதிப்பொருள்கள் மாவை உடைத்துச் சர்க்கரையாக மாற்றத் தொடங்குகின்றன. தோண்டிய உடனே சமைத்த சர்க்கரைவள்ளியைவிட, சில நாள் வைத்திருந்து சமைத்த சர்க்கரைவள்ளி அதிகமாய் இனிப்பதை நம் வீடுகளில் காண்கிறோம் அல்லவா? மாவு சர்க்கரையாகும் அதே வேலைதான் பார்ஸ்னிப்பில் குளிரின் தூண்டுதலால் நடைபெறுகின்றது. செடி தன்னைக் காத்துக்கொள்ளச் செய்யும் இக்காரியம் உண்பவன் நாவுக்கு லாபமாய் முடிகின்றது.

இவ்விடத்தில் ஒரு தவறான எண்ணத்தைத் திருத்துதல் அவசியம். வெண்பனி கிழங்கின்மேல் பட்டாலன்றி இனிப்பு ஏறாது என்று அத்தேசத்து முதியோர் பலர் சொல்லுவர். உண்மையில் வேண்டியது குளிரே தவிர, பனிக்கட்டியன்று. இலையுதிர் காலத்திலே தோண்டியெடுத்த கிழங்கை, உறைநிலைக்குச் சற்றே மேலாக, அதாவது சுமார் 34 டிகிரி பாரன்ஹீட் குளிரில், இரண்டு வார காலம் வைத்திருந்தால், வயலில் பனியடிபட்ட கிழங்குக்கு ஈடான சுவை அதற்கும் வந்துவிடுகின்றது. பயிரிடுவோனுக்கு இது சிறு விஷயமன்று. எல்லாக் கிழங்கையும் மண்ணிலேயே விட்டுவைத்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பது இதனால் விளங்குகின்றது.

அவ்விதம் எல்லாவற்றையும் மண்ணிலே விட்டுவைப்பதில் உள்ள அபாயத்தை 1947-ஆம் ஆண்டு இங்கிலாந்து நன்றாய் அறிந்தது. யுத்தம் முடிந்து இரண்டாண்டு கூட ஆகவில்லை; உணவுப் பங்கீடு இன்னும் நீங்கவில்லை. அவ்வாண்டு ஜனவரி மாதம் மூன்றாம் வாரத்திற்குப் பின் தொடங்கிய கடுங்குளிர், மார்ச்சு மாத மத்தி வரை விடாது வாட்டியது. சாலைகளும் ரயில் பாதைகளும் பனியால் மூடப்பட்டன. சேமிப்பிலிருந்த உருளைக்கிழங்கில் சுமார் 70,000 டன் குளிரால் அழிந்தது. மண்ணிலிருந்த பார்ஸ்னிப் முதலிய வேர்க்காய்கள் அழியவில்லை. ஆனால் அவற்றை எடுப்பார் யார்? பூமி பாறைபோல் இறுகிவிட்டது. மண்வெட்டி இறங்கவில்லை, கடப்பாறை தெறித்தது. தெருக்களை உடைக்க உபயோகிக்கும் காற்றழுத்தத் துளைப்பொறிகளைக் கொண்டுவந்து பார்ஸ்னிப்பைப் பெயர்த்தெடுக்கவும் சில இடங்களில் முயன்றனர். களஞ்சியம் நிறைந்திருந்தது, கதவுதான் திறக்கவில்லை. அவ்வாண்டின் பிற்பகுதியில், யுத்த காலத்தில்கூடப் பங்கீட்டுக்கு உட்படாதிருந்த உருளைக்கிழங்கையும் பங்கிட்டுக் கொடுக்க வேண்டியதாயிற்று.

ஆகவே பார்ஸ்னிப் சாகுபடியில் உள்ள சாமர்த்தியம் பனியிலிருந்து கிழங்கைக் காப்பதில் இல்லை. பனி இறுகிய மண்ணிலிருந்து அதை வேண்டும்போது வெளியே எடுக்க வழி செய்துகொள்வதில்தான் இருக்கின்றது. அதற்கான வேலை விதைப்பிலிருந்தே தொடங்குகின்றது.

முதலில் விதை. பார்ஸ்னிப் பயிர் தவறிப்போவதற்கு மற்ற எல்லாக் காரணங்களையும்விடப் பழைய விதையே பெரிய காரணம். இவ்விதையின் உயிர் ஓராண்டுக்கு மேல் நம்பத்தக்கதன்று. வெங்காய விதையைப் பழையதாய் வாங்கி ஏமாந்த நம் குடியானவர்க்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. சென்ற ஆண்டு மிச்சம் வைத்த பொட்டலத்தைச் சிக்கனம் கருதி இவ்வாண்டு விதைப்பவன், ஒரு மாதம் காத்திருந்து பார்த்து, வெறும் பாத்தியைக் கண்டு வருந்துவான். அதற்குள் பருவமும் போய்விடும்.

அடுத்தது மண். ஆழமான, கல்லில்லாத, இளகிய மண்ணே இதற்கு ஏற்றது. முன் பயிருக்கு இட்ட எருவே போதுமானது. புதிய தொழு எருவை இட்ட பாத்தியில் விதைத்தால் கிழங்கு ஒன்றாய் இறங்காமல் இரண்டு மூன்றாய்க் கவைத்துப் போகும். கல் குறுக்கிட்டாலும் அவ்விதமே. கண்காட்சிக்கென்று வளர்ப்போர், கடப்பாறையால் இரண்டு மூன்றடி ஆழத்துக்குக் கூம்பு வடிவில் குழி குடைந்து, அதில் சலித்த மண்ணை நிரப்பி, மேலே விதைப்பார்கள். பரிசுக் கோப்பைக்கு அது சரி. சாப்பாட்டுக்கு அவ்வளவு சிரமம் வேண்டாம். புளிப்பு மண்ணாயின் முன்னதாகவே சுண்ணாம்பு இட்டுச் சரிசெய்தல் நலம். அதன் காரணத்தைக் கீழே நோய் பற்றிக் கூறுமிடத்தில் காண்க.

விதைப்புக் காலத்தைப் பற்றி இரண்டு அபிப்பிராயங்கள் உண்டு. நீண்ட காலம் வேண்டும் பயிராகையால் பிப்ரவரி மாதத்திலேயே விதைத்துவிட வேண்டும் என்பது பழைய வழக்கு. விதைப் பொட்டலங்களிலும் அப்படியே அச்சிட்டிருப்பர். ஆனால் பிப்ரவரியில் அத்தேசத்து மண் குளிர்ந்து ஈரமாய்க் கிடக்கும். அம்மண்ணில் விழுந்த விதை வாரக்கணக்கில் அசைவின்றிக் கிடந்து, பெரும்பாலும் அழுகிப்போகும். மண்ணின் வெப்பம் 45 டிகிரி பாரன்ஹீட்டையாவது தாண்டிய பிறகு, அதாவது மார்ச்சு மாதக் கடைசி முதல் மே மாத ஆரம்பத்துக்குள் விதைப்பதே புத்திசாலித்தனம். தாமதமாய் விதைத்த பயிர் சற்றுச் சிறிய கிழங்கையே தரும். ஆனால் சிறிய கிழங்கு முழுப் பாத்தியில் கிடைப்பது, பெரிய கிழங்கு பாதிப் பாத்தியில் கிடைப்பதைவிட மேலல்லவா?

ஓரடிக்கு ஒரு கோடாக அரை அங்குல ஆழத்தில் கோடு கிழித்து, ஆறு அங்குலத்துக்கு ஓரிடத்தில் மூன்று விதை வீதம் இடுவார்கள். விதை மிக இலேசானது. காற்றடிக்கும் நாளில் உள்ளங்கையிலிருந்தே பறந்துவிடுமாதலால், அமைதியான நாளில் விதைப்பது நல்லது. முளைக்க மூன்று நாலு வாரம் பிடிக்கும். அதற்குள் களை மண்டி, கோடு எங்கே என்று தெரியாமல் போகும். இதற்கு அவர்கள் செய்யும் உபாயம் நாமும் கைக்கொள்ளத் தக்கது. பார்ஸ்னிப் இட்ட இடங்களுக்கு நடுவே, அதே கோட்டில், முள்ளங்கி விதையைத் தூவிவிடுகின்றனர். முள்ளங்கி ஒரு வாரத்துக்குள் முளைத்துக் கோட்டைக் காட்டிவிடும். களைக்கொட்டைப் பயமின்றி ஓட்டலாம். பார்ஸ்னிப் தலைதூக்கி இடம் கேட்கும் சமயத்தில் முள்ளங்கி பறித்து உண்ணும் பருவம் அடைந்திருக்கும். முளைத்த மூன்றில் செழித்த ஒன்றை வைத்து மற்றவற்றைக் கலைத்துவிட வேண்டும். பிடுங்கியதை வேறிடத்தில் நடுவதால் பயனில்லை. ஆணிவேர் ஒருமுறை ஒடிந்தால் நேரான கிழங்கு பிறகு கிடைக்காது.

கோடையில் செடிக்கு வேலை அதிகம்; மனிதனுக்கு வேலை குறைவு. களையெடுப்பதும், மழை தவறினால் காய்ந்து வெடிக்காதபடி நீர் விடுவதுமே போதும். காரட்டைத் தாக்கும் ஈ இதையும் தாக்கும்; மெல்லிய வலைத்துணியால் மூடித் தடுக்கிறார்கள்.

இக்காலத்தில் ஓர் எச்சரிக்கை. பார்ஸ்னிப் இலை, தண்டு ஆகியவற்றின் சாறு தோலில் பட்டு, அவ்விடத்தில் வெயிலும் பட்டால், நெருப்புச் சுட்டாற்போலக் கொப்புளங்கள் எழும்பும். தழும்பு பல மாதங்கள் மாறாதிருப்பதும் உண்டு. சாறு பட்டவுடன் ஒன்றும் தெரியாது. ஒன்றிரண்டு நாள் கழித்தே தெரியுமாதலால் காரணம் விளங்காமல் மருந்து தேடுவோரும் உண்டு. செடிகளை ஒதுக்கிக் களையெடுப்போர் கை நீண்ட சட்டையணிந்து, மேகமூட்டமான நாளிலோ மாலையிலோ அவ்வேலையைச் செய்வது நலம். குழந்தைகளை அப்பாத்தியில் விளையாட விடலாகாது. மேலும், இதே குடும்பத்தைச் சேர்ந்து, நீர்க்கரைகளில் தானே வளரும் கொடிய விஷச் செடியொன்றின் வேர் பார்ஸ்னிப்பைப் போலவே தோன்றும். ஆகையால் காட்டில் கண்டதைத் தோண்டித் தின்பது உயிருக்கே ஆபத்து.

இப்பயிரின் முக்கியமான நோய் தலையழுகலாகும். கிழங்கின் தோள்பகுதியில் செம்பழுப்பாகவோ கறுப்பாகவோ புண் தோன்றி உள்ளே அழுகிச் செல்லும். பூஞ்சணங்களால் உண்டாகும் இந்நோய், ஈரம் தங்கும் நிலத்திலும் புளிப்பு மண்ணிலும் வலுக்கும். தோளில் வெடிப்போ, ஈயின் புழு அரித்த காயமோ இருப்பின் அது நுழைவாயிலாகிவிடும். பனிக்காலம் முழுவதும் மண்ணிலே கிடக்க வேண்டிய கிழங்கு, இலையுதிர் காலத்திலேயே இந்நோய்க்கு இரையானால் களஞ்சியத்தில் தீப்பிடித்தது போலத்தான். மருந்து தெளித்துத் தீர்க்கும் நோயன்று இது. வடிகால் அமைத்தல், சுண்ணாம்பிடுதல், தாமதமாய் விதைத்தல், சற்று நெருக்கமாய் வளர்த்துச் சிறிய கிழங்குகளைப் பெறுதல், தோள் வெளியே தெரியாமல் மண் அணைத்தல், நோயை எதிர்க்கும் ரகத்தைத் தேர்ந்தெடுத்தல் ஆகிய முன்ஜாக்கிரதைகளே வழி.

ரகங்களில் ஒன்றின் சரித்திரம் இங்கே கூறத்தக்கது. சைரன்செஸ்டர் நகரத்து விவசாயக் கல்லூரியில் ஆசிரியராயிருந்த ஜேம்ஸ் பக்மன் என்பவர், 1847-ஆம் ஆண்டில் காட்டுப் பார்ஸ்னிப் விதையைச் சேகரித்து, அதன் குச்சிபோன்ற வேரைத் தலைமுறை தலைமுறையாய்த் தெரிந்தெடுத்து விதைத்துத் திருத்தத் தொடங்கினார். சில ஆண்டுகளில் கிடைத்த பருத்த இனிய கிழங்கு, ஸட்டன் என்னும் விதை வியாபாரிகள் மூலம் 1860-ஆம் ஆண்டில் ‘மாணவன்’ என்று பொருள்படும் ஸ்டூடண்ட் என்ற பெயருடன் வெளிவந்தது. அந்த ரகம் இன்றும் விதைக்கப்பட்டு வருகின்றது. நல்ல விதையைத் தெரிந்தெடுத்துச் சேகரிப்பதால் மாத்திரமே பத்துப் பதினைந்து ஆண்டுகளில் எவ்வளவு சாதிக்கலாம் என்பதற்கு இது கண்கூடான சாட்சியம்.

அக்டோபர், நவம்பர் மாதங்களில் இலைகள் மஞ்சளித்து மண்ணில் சாய்ந்து மறையும். அப்போது செய்ய வேண்டிய முதல் வேலை, ஒவ்வொரு கோட்டின் இரு முனைகளிலும் ஒரு குச்சி நட்டு வைப்பது. பனி மூடிய பிறகு கிழங்கு இருக்குமிடத்தைக் காட்ட வேறு அடையாளமிராது. அடுத்த வேலை, கோட்டின்மேல் அரையடிக் கனத்துக்கு வைக்கோலோ காய்ந்த பெரணி இலையோ பரப்பி, காற்றில் பறவாதபடி பாரம் வைப்பது. கிழங்குக்குக் குளிராமல் இருக்கவே இப்போர்வை என்று சிலர் நினைப்பது சரியன்று. மண் இறுகாமல் மனிதன் தோண்டுவதற்கு இடங்கொடுக்க வேண்டும் என்பதற்காகவே அது. பாத்தி முழுவதையும் மூட வைக்கோல் இல்லாவிடில், இரண்டு கோட்டையாவது மூடி வைப்பது புத்தி.

மூன்றாவது, 1947-ஆம் ஆண்டின் அனுபவத்தை நினைவில் வைத்துச் செய்ய வேண்டியது. நீண்ட குளிர் வரும் குறி தோன்றியதும், இரண்டு மூன்று வாரச் சமையலுக்கு வேண்டிய கிழங்கை முன்கூட்டியே தோண்டி, இலையை முறுக்கி எடுத்துவிட்டு, சற்றே ஈரமான மணலில் அடுக்கடுக்காய்ப் புதைத்துக் கொட்டகையில் வைத்துவிட வேண்டும். உலர்ந்த இடத்தில் வெறுமனே வைத்தால் வாடி ரப்பர் போலாகிவிடும். கொட்டகையின் குளிரே அதற்கு இனிப்பை ஏற்றிக்கொடுக்கும் என்பதை முன்னமே கண்டோம். தோண்டும்போது தலையைப் பிடித்து இழுக்கலாகாது. வால் உள்ளேயே ஒடிந்து நின்றுவிடும். இரும்புப் பற்களுள்ள தோண்டு கருவியைக் கிழங்குக்கு எட்ட ஊன்றி, மண்ணோடு நெம்பி எடுப்பதே முறை.

குடிசைத் தோட்டத்திலுள்ள இரண்டு கோடு பார்ஸ்னிப் எவ்வளவு பெரிய உதவி என்பது 1939 முதல் 1945 வரை நடந்த யுத்தத்தின்போது வெளிப்பட்டது. வெளிநாட்டு உணவுக் கப்பல்கள் மூழ்கடிக்கப்பட்ட அக்காலத்தில், ஜனங்கள் புல்வெளியையும் பூந்தோட்டத்தையும் கொத்திக் காய்கறி பயிரிட வேண்டும் என்று அரசாங்கம் இயக்கம் நடத்தியது. 1940-ஆம் ஆண்டில் சர்க்கரை பங்கீட்டுக்கு உட்பட்டது. அவ்வாண்டுக் கடைசியில் வாழைப்பழ இறக்குமதியும் நின்றது. அங்குள்ள தாய்மார்கள் பார்ஸ்னிப்பை வேகவைத்து மசித்து, சிறிது சர்க்கரையும் வாழைப்பழ வாசனைச் சத்தும் கலந்து, ரொட்டியில் தடவி ‘வாழைப்பழம்’ என்று குழந்தைகளுக்குக் கொடுத்தார்கள். வாழைத்தோப்புகளுக்கு நடுவே வாழும் நமக்கு இது வேடிக்கையாய்த் தோன்றலாம். உண்மை வாழைப்பழத்தையே கண்டிராத அக்குழந்தைகளுக்கு அது வேடிக்கையாயிருக்கவில்லை.

நம் பக்கத்தில் இப்பயிரைப் பற்றி ஒரு வார்த்தை. சமவெளிக் குடியானவர்கள் இவ்விதைக்குப் பணம் செலவிட வேண்டாம். வெயில் மிகுந்த மண்ணில் முளைப்பது அரிது. முளைத்தாலும் இனிப்பு ஏறுவதற்குக் குளிர் எங்கே? மலைப் பிரதேசத்தின் நிலைமை வேறு. நீலகிரியில் 1820-க்குப் பின், கோயமுத்தூர்க் கலெக்டராயிருந்த ஜான் ஸல்லிவன் உருளைக்கிழங்கு முதலிய சீமைக் காய்கறிகளைப் பயிராக்கிக் காட்டினார். அதன் பலனாய் வேர்க்காய்ச் சாகுபடி அங்கே வேரூன்றிவிட்டது. அங்கு விழும் உறைபனியும் புல்லை வெளுப்பாக்கும் அளவுக்கு வன்மையுள்ளதே. ஆனால் பகலில் நல்ல வெயில் காய்வதால் மேல்மண் வெளுக்குமேயன்றி, இங்கிலாந்தில்போல் அடிமண் வரை இறுகுவதில்லை. உருளைக்கிழங்கின் இலையைக் கருக்கும் அதே இரவு, மண்ணுக்குள்ளிருக்கும் காரட் போன்ற வேருக்குச் சுவையூட்டுகின்றது. பள்ளத்தாக்கின் அடியில் குளிர்காற்று தேங்கும் வயல்களை உடையவர்கள், பனிக்கு அஞ்சும் பயிரை அங்கே இட்டு நஷ்டப்படாமல், பனியைத் தாங்கும் வேர்ப்பயிரை அப்பள்ளத்துக்கும், உருளைக்கிழங்கைச் சரிவுக்கும் ஒதுக்குவது நன்மை தரும்.

மீண்டும் இங்கிலாந்துப் பாத்திக்கு வருவோம். பிப்ரவரி கழிந்து மண்ணில் வெப்பம் ஏறத் தொடங்கியதும், கிழங்கின் தலையில் பச்சைத் துளிர் தோன்றும். அதுவே கணக்கு முடிக்கும் நாள். சேர்த்து வைத்த சர்க்கரையைச் செடி இனிப் பூந்தண்டுக்குச் செலவிடும், கிழங்கின் நடுத்தண்டு மரத்துக் கட்டையாகும், ருசி போய்விடும். ஆகையால் மார்ச்சு மாதத்துக்குள் மீதியெல்லாவற்றையும் தோண்டியெடுத்துவிட வேண்டும். விதைக்கு மட்டும், தோளில் புண்ணில்லாமல் நேராய் நீண்ட நாலைந்து கிழங்குகளை, அருகருகே நிற்கும்படி விட்டுவைப்பார்கள். அவை ஆளுயரம் வளர்ந்து, குடை விரித்தாற்போல் மஞ்சள் பூக்கொத்துகளைத் தாங்கும். அண்டையில் காட்டுப் பார்ஸ்னிப் பூத்திருந்தால் இனம் கலந்து கெட்டுவிடும். அதை முன்பே வெட்டிவிட வேண்டும். கோடையின் கடைசியில் கொத்துகள் பழுப்பு நிறமடைந்ததும், காற்று உதிர்த்துவிடுமுன் அறுத்து, காகிதத்தின்மேல் உலர்த்தி, முதலில் பழுத்த நடுக்கொத்தின் கனத்த விதையைத் தனியே பொறுக்கி வைத்துக்கொண்டு, வரும் வசந்தத்திலேயே விதைத்துவிடுகிறார்கள்.